அரைநிழலில் தழைக்கும் இலைகள்

தியானப் பகுதி: சங்கீதம் 121, யோனா 4-ஆம் அதிகாரம்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. கடலோரத்தில் குடியிருக்கும் நமக்கு வெயிலைக் காட்டிலும் புழுக்கமே பெரிய சோதனை. காலை ஆராதனைக்கு ஆலய வாசலை மிதிக்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த நாட்களில் வீடு சந்திப்புக்குப் போகும் இடங்களில் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன். "ஐயா, மாடியில் விதைத்த கொத்தமல்லி கருகிப்போகிறது, புதினா வைத்தால் ஒரு வாரம்கூட நிற்க மாட்டேன் என்கிறது. குருமனையில் மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது?" குருமனையின் கிழக்குப் பக்கத்தில், முருங்கை மரத்தடியில் வரிசையாக இருக்கும் தொட்டிகளைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே பதில் சொல்வதைவிட, இந்த வாரத் தியானத்திலேயே சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். எழுதத் தொடங்கியபோது அந்தப் பதில் செடிகளோடு நிற்கவில்லை; நம் சபையிலுள்ள சிலருடைய வாசற்படி வரை போய் நின்றது. ஆகையால் தோட்டக் குறிப்புதானே என்று பாதியில் விட்டுவிடாமல், இறுதி வரை வாசிக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

புழுக்கத்தில் இலை படும் பாடு

முதலில் இலையின் இயல்பை அறிந்துகொள்வோம். நமக்கு வியர்ப்பதுபோல இலையும் தன் நுண்ணிய துளைகளின் வழியாக நீரை ஆவியாக வெளிவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்று உலர்ந்திருந்தால் அந்த நீர் விரைவாக ஆவியாகும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது அது எளிதில் ஆவியாவதில்லை. நம் மேலிருக்கும் வியர்வை உலராமல் கசகசவென்று நிற்பதற்கும் இதுவே காரணம். மேலே உச்சி வெயில், சுற்றிலும் ஈரக் காற்று. வேரிடத்தில் நீர் இருந்தும் இலையால் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள முடிவதில்லை. வெப்பம் கடுமையாகும்போது பல செடிகள் தங்கள் துளைகளையும் மூடிக்கொள்கின்றன. அந்நேரத்தில் உணவு தயாரிக்கும் வேலையும் ஏறக்குறைய நின்றுபோகும். நண்பகலில் புதினா துவண்டு கிடப்பதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றுகிறோம். செடிக்குத் தேவைப்பட்டதோ நிழல்; நாம் கொடுப்பதோ தண்ணீர். வேர் அழுகுவது இப்படித்தான்.

கொத்தமல்லியின் கதை சற்று வேறு. அது குளிர்ச்சியை விரும்பும் பயிர். வெப்பம் மிகுந்தால், தன் நாட்கள் குறுகிவிட்டன என்று எண்ணுவதுபோல, இலை விடுவதை நிறுத்திவிட்டு அவசரமாகப் பூத்துவிடும். அதனால்தான் கோடையில் மல்லித்தழைக்காகப் பயிரிடும் விவசாயிகள் பாதி வெயிலை மட்டும் உள்ளே விடும் நிழல்வலையைக் கட்டி அதன் கீழே விதைக்கிறார்கள். நம் நாட்டுக் கோடையில் மெல்லிய இலைகளுக்கு நிழல் ஒரு குறைபாடு அன்று. உயிர் தரிக்கும் இடமே அதுதான்.

எந்த நிழல், எவ்வளவு வெயில்?

அரைநிழல் என்றால் இருட்டு என்று பொருளல்ல. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம் நேர் வெயில் விழுந்து, மீதி நேரம் மறைவாக இருப்பது அரைநிழல். மரக்கிளைகளின் ஊடே நாள் முழுவதும் வடிகட்டிய ஒளி இறங்குவதும் அரைநிழலே. காலை வெயிலும் மாலை வெயிலும் ஒன்றல்ல. காலையில் காற்றும் மண்ணும் குளிர்ந்திருப்பதால் இலை அந்த ஒளியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். பிற்பகலிலோ சுவரும் தரையும் தொட்டியும் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே வீட்டின் கிழக்குப் பக்கமே மூலிகைக்கு முதல் இடம். மேற்குப் பக்கம் மட்டுந்தான் உண்டு என்றால் ஒரு வாழைக் கன்றோ நிழல்வலையோ துணை நிற்க வேண்டும்.

மரநிழலிலும் வேறுபாடு உண்டு. புளியமரத்தின் நிழல் அடர்ந்தது. அதன் கீழே பெரும்பாலும் எதுவும் தழைப்பதில்லை. முருங்கையின் இலைகள் சிறியவை. கிளைகளும் அடர்ந்து மூடுவதில்லை. அதன் நிழலில் நாணயங்களைச் சிதறவிட்டதுபோல் வெளிச்சப் பொட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். மூலிகைகளுக்கு அந்த நிழல் மிகவும் ஏற்றது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: நிழல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்கோடியில் இருக்கும் நமக்குச் சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆவணி பாதி வரை நண்பகல் வெயில் சற்று வடக்கிலிருந்தே விழும். ஆகையால், மார்கழியில் நாள் முழுவதும் நிழலாகக் கிடந்த வடக்குச் சுவரோரம், வைகாசியில் சுட்டெரிக்கும். சென்ற தை மாதத்தில் நன்றாக இருந்த தொட்டி இப்போது ஏன் வாடுகிறது என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில். செடியிலும் குறையில்லை, உங்கள் கையிலும் குறையில்லை. நிழல் இடம் மாறியிருக்கிறது, தொட்டியையும் நகர்த்துங்கள்.

எதை வைக்கலாம், எப்படிப் பேணலாம்?

புதினாவுக்கு நாற்று வாங்கத் தேவையில்லை. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து இலைகளைச் சமையலுக்குக் கிள்ளிக்கொண்டு, தடித்த தண்டுகளில் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். வாய் அகன்ற தொட்டி நல்லது. அது பக்கவாட்டில் ஓடிப் பரவும் செடி. கொத்தமல்லியை நாற்றாகப் பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும். இருக்கப்போகும் இடத்திலேயே விதையுங்கள். நாம் விதை என்று சொல்லும் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு விதைகள் உண்டு. மெதுவாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து தூவினால் நன்றாக முளைக்கும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் பொறுக்கிய மன்னாவை வேதம் இந்தச் சிறிய உருண்டைக்குத்தான் ஒப்பிடுகிறது. கொத்தமல்லியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அன்றன்றைய அப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கற்பூரவல்லி, வல்லாரை, வெற்றிலை, இஞ்சி, மஞ்சள் ஆகியவை அரைநிழலை மனமுவந்து ஏற்பவை. வல்லாரைக்கு ஈரம் வேண்டும். கற்பூரவல்லிக்கு ஈரம் மிகுந்தால் தண்டு அழுகும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். துளசிக்கும் எலுமிச்சைப் புல்லுக்கும் கறிவேப்பிலைக்கும் வெயில் வேண்டும். அவற்றை நிழலில் ஒதுக்கினால் மெலிந்து போகும். நீலகிரியில் செழிக்கும் ரோஸ்மேரியை ஆசைப்பட்டு இங்கே கொண்டுவருகிறவர்கள் உண்டு. நம் கடலோரப் புழுக்கம் அதற்கு எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. எல்லாச் செடியும் எல்லா இடத்துக்கும் உரியதல்ல. அதில் யாருக்கும் இழிவில்லை.

நிழலில் இருக்கும் தொட்டி விரைவில் காயாது. ஆகவே நாள்தோறும் கடமைக்காக நீர் ஊற்றாமல், விரலை மண்ணுக்குள் ஒரு கணு அளவுக்கு விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். காலையில், தண்டின் அடியில் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் தெளித்த நீர் இரவெல்லாம் உலராமல் நின்று பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். தொட்டிகளை நெருக்கி அடுக்காதீர்கள். நடுவே காற்று ஓட வேண்டும். வெயில் குறைந்த இடத்தில் செடி வளர்ந்துவிடும், ஆனால் காற்றில்லாத இடத்தில் நோய் வராமல் தப்புவது அரிது. வாரம் ஒருமுறை தொட்டியைச் சற்றே திருப்பி வையுங்கள். இல்லையேல் செடி ஒளியை நோக்கி ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். புதினா, கற்பூரவல்லி போன்றவற்றின் நுனிக் கொழுந்தைத் தயங்காமல் கிள்ளுங்கள். ஒரு நுனியைக் கிள்ளிய இடத்தில் இரண்டு துளிர்கள் எழும்பும். கிள்ளாமல் பத்திரப்படுத்திய செடிதான் கம்பிபோல நீண்டு ஒடிந்துபோகிறது. அண்டை வீட்டாருக்குக் கொடுக்கக் கொடுக்கத் தழைப்பது கீரையும் மூலிகையும். இதற்கு விளக்கம் எழுதத் தேவையில்லை.

வேதம் காட்டும் நிழல்

பிரியமானவர்களே, வேதாகமம் எழுந்த நாடும் வெயில் நாடே. ஆகையால்தான் அங்கே நிழல் என்ற சொல் பெரும்பாலும் பாதுகாப்பின் சொல்லாக ஒலிக்கிறது. 121-ஆம் சங்கீதம் எருசலேமை நோக்கி நடந்துபோன பயணிகளின் பாடல். தன் வலப்புறத்தில் கர்த்தரே நிழலாக வருவதாக அந்தப் பயணி அறிக்கையிடுகிறார். மரநிழல் வேண்டுமானால் நாம் மரத்தடியில் நிற்க வேண்டும். கர்த்தருடைய நிழலோ நடக்கிறவனோடு நடக்கிறது.

ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்வதற்குத் தேவன் பெயர்சொல்லி அழைத்த கைவினைஞர் பெசலெயேல். யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் அவரைப் பற்றி வாசிக்கிறோம். எபிரெய மொழியில் அந்தப் பெயருக்கு 'தேவனுடைய நிழலில்' என்று பொருள். பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்து இஸ்ரவேலின் ஆராதனைக்கு உருவம் கொடுத்த மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் நிழல் என்ற பெயரைச் சுமந்தார். நிழல் சோம்பலின் இடமல்ல. தேவனுக்கென்று மிக நுட்பமான வேலை நடக்கும் இடமாகவும் அது இருக்கக்கூடும்.

யோனாவின் நிழல் நமக்கு ஓர் எச்சரிப்பு. நினிவேக்கு வெளியே குடிசை போட்டு அமர்ந்திருந்த தீர்க்கதரிசிக்குத் தேவன் ஒரு செடியை முளைக்கச் செய்தார். நம் வேதாகமம் அதை ஆமணக்கு என்கிறது. அந்தச் செடியால் யோனா மிகவும் மகிழ்ந்தார். மறுநாள் ஒரு பூச்சி அதை அரித்தது. சூடான கீழ்க்காற்றும் வெயிலும் அவரை வாட்டின. சாவே நலம் என்றார். அப்போது தேவன் கேட்ட கேள்வியோடு அந்தப் புத்தகம் முடிந்துவிடுகிறது. தான் நடாத, வளர்க்காத, ஓர் இரவில் தோன்றி ஓர் இரவில் அழிந்த செடிக்காக இவ்வளவு பரிதபிக்கிற மனிதன், 1,20,000-க்கும் மேலான மனிதர் வாழும் நகரத்துக்காகத் தேவன் பரிதபிப்பதை ஏன் வெறுக்க வேண்டும்? யோனாவின் பதில் அங்கே எழுதப்படவில்லை. நிழலை அனுபவித்தது அவர் பாவமல்ல. தனக்குக் கிடைத்த நிழலில் அமர்ந்துகொண்டு மற்றவர்கள் வெயிலில் என்ன ஆவார்கள் என்று கவலைப்படாததே அவருடைய குறை.

இங்கேதான் இந்தத் தியானம் நம் வாசலுக்கு வருகிறது.

அரைநிழலில் வாழ்கிறவர்கள்

நம் சபையின் ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்ல அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்; அவர் யாரென்று தேட வேண்டாம். அவருடைய கணவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உணவு ஊட்டுவது முதல் உடம்பு துடைப்பது வரை எல்லாம் அந்தச் சகோதரியின் கைகளே. நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கச் செல்லும் நாளில் அவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, ஒரு காலத்தில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றேன். இப்போது உட்கார்ந்து ஓர் அதிகாரம் வாசிக்க முடியவில்லை. ஜெபம் என்று முழங்கால் போட்டால் தூங்கிவிடுகிறேன். மற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்லும் செய்தி காதில் விழும்போது, எனக்குச் சொல்ல ஒன்றுமில்லையே, என் விசுவாசம் வெளிறிப்போய்விட்டதே என்று இருக்கிறது."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த கற்பூரவல்லி என் கண்ணில் பட்டது. கணவருடைய சளிக்கு நாள்தோறும் அதில்தான் இலை பறிக்கிறார். ஒவ்வோர் இலையும் என் உள்ளங்கையில் பாதி இருந்தது. கற்பூரவல்லியை முழு வெயிலில் வைத்துப் பாருங்கள்: இலை சிறுத்து, தடித்து, மஞ்சளோடி நிற்கும். அரைநிழலில் அதே செடி இலையை அகல விரிக்கிறது. நிழலில் வளரும் இலைகள் பொதுவாகவே அகன்றும் மெலிந்தும் இருக்கும். கிடைக்கும் சொற்ப ஒளியையும் வீணாக்காமல் ஏந்திக்கொள்ளும்படி படைத்தவர் வகுத்த முறை அது. வெளிச்சம் குறைந்ததால் அந்த இலை குறைந்துபோகவில்லை. குறைந்த வெளிச்சத்துக்காகவே அது விரிந்திருக்கிறது.

ஆறு ஆண்டுகளாக ஒரு மனிதரின் உடலில் படுக்கைப்புண் வராமல் காத்த கைகளுக்குச் சாட்சி இல்லை என்று யார் சொன்னது? ஒரு வசனத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அடுப்பங்கரையிலும் கட்டிலருகிலும் அதையே நாள் முழுவதும் பற்றிக்கொண்டிருப்பது விரிந்த இலை அல்லவா? இதை அவரிடம் சொன்னேன். இந்த மடலின் வழியாக, அவரைப்போல இருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். முதிர்ந்த தாயை விட்டு வெளியே போக முடியாதவர்களே, சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளையின் பெற்றோரே, துணையை இழந்தபின் கூட்டத்தின் நடுவே நிற்கக் கூசுகிறவர்களே, நீண்ட நோயோடு பழகிவிட்டவர்களே, நீங்கள் தேவனுடைய தோட்டத்துக்கு வெளியே எறியப்பட்டவர்கள் அல்லர். அப்போஸ்தலனாகிய யாக்கோபு தேவனை ஒளிகளின் பிதா என்று அழைத்து, அவரிடத்தில் மாற்றம் இல்லை, திரும்புவதால் விழும் நிழலும் இல்லை என்கிறார். சித்திரையிலும் மார்கழியிலும் நிழல் இடம் மாறுவது சூரியன் தன் ஒளியைக் குறைத்துக்கொண்டதால் அல்ல; பூமியின் நிலை மாறுவதால். உங்கள் வாழ்க்கை இன்று வேறொரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. உங்களுக்கு ஒளி தந்தவர் திரும்பவில்லை.

இதைச் சொல்லும்போதே ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறேன். பக்கவாதம் நல்லது என்று நான் சொல்லவில்லை. மனிதர் படும் வேதனைக்கெல்லாம் ஒரு செடியை எடுத்துக்காட்டி விளக்கம் சொல்லிவிட முடியும் என்றும் எண்ணவில்லை. அந்தச் சகோதரி கண்ணீரோடு கேட்ட சில கேள்விகளுக்கு என் இறையியல் படிப்பில் பதில் இல்லை. ஆண்டவருடைய பாதத்தில் அவற்றை அவரோடு சேர்ந்து வைக்க மட்டுமே என்னால் முடியும்.

கொடிக்கால் கற்றுத்தரும் பொறுப்பு

அரைநிழலைப் பற்றி முன்னே சொன்னதை மீண்டும் நினைவுகூருங்கள். அரைநிழலுக்கு மூன்று நான்கு மணி நேர வெயில் உண்டு. அது இல்லையென்றால் அதற்குப் பெயர் அரைநிழல் அல்ல, இருட்டு. இருட்டில் கற்பூரவல்லியும் பிழைக்காது. நிழலில் இருக்கும் சகோதர சகோதரிகளைப் பார்த்து, "கர்த்தர் உங்களுக்கு நிழலாயிருக்கிறார்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு நாம் திரும்பி வந்துவிட்டால், அவர்களுக்குரிய அந்த மூன்று மணி நேர வெயிலை யார் கொடுப்பது?

புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையை அறிவீர்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கொடிக்கால் வைத்திருப்பவர்களின் முறையைச் சற்றுக் கவனியுங்கள். வெற்றிலைக் கொடியை அவர்கள் வெறும் வெளியில் நடுவதில்லை. முதலில் அகத்தியை விதைக்கிறார்கள். அகத்தி எழும்பி நின்ற பிறகே கொடி நடப்படுகிறது. அதுவே கொடிக்குக் கொழுகொம்பு, அதுவே நிழல். அத்தோடு வேலை முடிவதில்லை. அகத்தி தன் போக்கில் அடர்ந்துவிட்டால் கொடிக்கு ஒளி போதாது, காற்றும் நுழையாது, அழுகல் நோய் புகுந்துவிடும். ஆகையால் விவசாயி அவ்வப்போது அகத்தியின் நுனியை ஒடித்து, கிளைகளைக் கழித்து, வேண்டிய அளவுக்கு வெளிச்சம் உள்ளே இறங்கும்படி செய்கிறார். கழித்த அகத்திக்கீரையும் வீணாவதில்லை. அது வீட்டுக்கும் ஆட்டுக்கும் உணவாகிறது. நிழலைக் கொடுப்பதும், அந்த நிழலில் ஒரு வாசலைத் திறந்து விடுவதும், இரண்டுமே கொடிக்கால் வேலை.

சபை என்பது ஒரு கொடிக்கால். தாங்குவதற்கும் வேண்டும், திறந்துவிடுவதற்கும் வேண்டும். அந்தச் சகோதரிக்கு நம்மிடமிருந்து தேவைப்பட்டது இன்னொரு பிரசங்கம் அல்ல. ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் அவருடைய கணவரின் கட்டிலருகில் உட்கார ஒருவர் வேண்டும். அவ்வளவே. ஆறு ஆண்டுகளில் அவர் எத்தனை முறை ஆலயத்தில் வந்து அமர்ந்தார் என்று கேட்டேன். விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கியவர் ஒரு கை முடியுமுன் நிறுத்திக்கொண்டார்.

மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பரிசேயரைக் கடிந்துகொள்ளும் பகுதியில் 'ஒற்தலாம்' என்று ஒரு சொல் வருகிறது. பொருள் தெரியாமலே பலர் வாசித்துக் கடந்திருப்போம். கிரேக்க மூலத்தில் அங்கிருப்பது புதினாவைக் குறிக்கும் சொல். இனிய மணமுடையது என்பது அதன் நேர்ப்பொருள். அதே வசனத்தில் நம் மொழிபெயர்ப்பு வெந்தயம் என்று சொல்வது மூலத்தில் சதகுப்பை. அவர்கள் வீட்டு மூலிகைகளைக்கூட எண்ணிப் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகச் செலுத்தினார்கள். ஆண்டவர் அதைக் குறைகூறவில்லை. அதையும் செய்யத்தான் சொன்னார். ஆனால் நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டு இலைகளை எண்ணிக்கொண்டிருந்ததற்காக வருந்தினார். நம் பதிவேடுகளில் காணிக்கையின் கணக்கு உண்டு. ஆராதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் உண்டு. வர முடியாமல் வீட்டில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே இருக்கிறது?

குருமனையின் பின்னால் நிழல் தரும் மாமரத்தையும் முருங்கையையும் நட்டவர் எனக்கு முன்னே இங்கே ஊழியம் செய்த ஓர் ஐயர். அவரை நான் பார்த்ததில்லை. ஆயர்களுக்குப் பணிமாற்றம் உண்டு என்பதை நன்கு அறிந்திருந்தும், தாம் அமரப்போகாத நிழலுக்காக அவர் குழி தோண்டினார். இன்று என் புதினா அந்த நிழலில் தழைக்கிறது. நாம் ஒவ்வொருவரும் யாரோ நட்ட நிழலில்தான் விசுவாசத்தில் வளர்ந்தோம். அது ஒரு பாட்டியின் ஜெபமாக இருக்கலாம். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவரின் பொறுமையாக இருக்கலாம். நமக்குப் பின் வருகிறவர்களுக்கும், இன்று நம் அருகில் வாடுகிறவர்களுக்கும் அதையே செய்யக் கடன்பட்டிருக்கிறோம்.

இந்த வாரத்திற்கு

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் வாலிபர் ஐக்கியத்தாரும் சபை மூப்பர்களும் கூடும்படி அழைக்கிறேன். வீட்டை விட்டு வர இயலாதவர்களையும் அவர்களைப் பராமரிக்கிறவர்களையும் தெரு வாரியாக எழுதுவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் உட்கார இருவர் என்று முறை வகுப்போம். இருவராகப் போவது நல்லது. ஒருவர் நோயாளிக்குத் துணை. மற்றவர் வீட்டில் தேங்கிக் கிடக்கும் ஒரு வேலையை முடித்துக்கொடுக்கலாம். அறிவுரையைக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் தொட்டியில் தழைத்த ஒரு பிடி புதினாவையோ வல்லாரையையோ கொண்டுபோங்கள். பகையோடு உண்ணும் விருந்தைவிட அன்போடு உண்ணும் கீரை மேலானது என்று நீதிமொழிகள் 15-ஆம் அதிகாரம் கற்பிக்கிறதல்லவா?

அரைநிழலில் இருப்பவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். யாராவது கதவைத் தட்டி, "நான் இருக்கிறேன், நீங்கள் ஆலயத்துக்குப் போய் வாருங்கள்" என்றால், மறுக்காதீர்கள். வீடு ஒழுங்காக இல்லையே என்று கூச்சப்படாதீர்கள். காலை வெயில் கொஞ்ச நேரந்தான் இருக்கும். அது வரும்போது இலை அதை ஏற்றுக்கொள்கிறது.

ஜெபம்

எங்கள் வலப்புறத்தில் நிழலாயிருக்கும் கர்த்தாவே, வெயில் தாங்காத மெல்லிய இலைகளுக்கு மறைவிடம் வைத்த உம்முடைய ஞானத்துக்காக உம்மைத் துதிக்கிறோம். வெளியே தெரியாத இடங்களில் பிறரைத் தாங்கி, தங்களையே மறந்துபோன உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். அவர்களுடைய களைப்பையும் சொல்ல முடியாத கேள்விகளையும் ஜெபமாக ஏற்றுக்கொள்ளும். எங்களுக்குக் கிடைத்த நிழலில் சுகமாய் அமர்ந்து மற்றவர்களை மறவாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். அடைந்த கதவுகளைத் தட்டும் துணிவையும், கட்டிலருகில் பேசாமல் அமர்ந்திருக்கும் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் ஆயர்